குதிரை விழுகிறது, தோட்டா வெடிப்பதில்லை: .22 ரிவால்வரில் எங்கே கோளாறு?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்து பணி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். சாரம் மட்டும் அவர் வார்த்தையிலேயே:

"அப்பா காலத்து .22 ரிவால்வர். ஆறு அறை. அவருக்குப் பிறகு லைசென்ஸ் என் பேருக்கு மாறிட்டு. மாசம் ஒரு தடவை ரைபிள் கிளப்புல போய்ச் சுடுவேன். கொஞ்ச நாளா சில நேரம் வெடிக்கு, சில நேரம் வெடிக்க மாட்டேங்கு. போன தடவை ஐம்பது தோட்டாப் பெட்டி ஒண்ணுல ஏழு வெடிக்கலை. அதையே ரெண்டாந்தரம் அடிச்சா ஆறு வெடிச்சிட்டு. ஒண்ணு கடைசி வரைக்கும் வெடிக்கவே இல்லை. ஏழுல அஞ்சு, டிரிகரை நேரா இழுத்துச் சுடும்போது நடந்தது. தேர்தலுக்காக ஸ்டேஷன்ல ஒப்படைச்சு வாங்கினதுக்கு அப்புறந்தான் இந்தக் கோளாறு. துருப்பிடிச்சிரக் கூடாதேன்னு தேங்காயெண்ணெய் நல்லாப் போட்டுத்தான் குடுத்தேன். பழைய கைப்பிடி கீறிப்போனதால ஊர் ஆசாரிகிட்டச் சொல்லித் தோதகத்தி மரத்துல புதுசு செஞ்சு மாட்டியிருக்கேன். ஸ்பிரிங் தளர்ந்துட்டுன்னு ஒருத்தர் சொல்லுதாரு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டாச் சரியாயிருமா, இல்லை பின்னை மாத்தணுமா?"

அண்ணாச்சி, ஸ்பிரிங்கை இழுத்து விட வேண்டாம். பின்னையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மீதி, அந்த ஏழு தோட்டாக்களின் அடியில் இருந்திருக்கும். ஆறை நீங்களே திரும்ப அடித்து வெடிக்க வைத்துவிட்டீர்கள், சாட்சியும் அதோடு போயிற்று. மிஞ்சியது அந்த ஏழாவது ஒன்றுதான். அதை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் இந்தத் தோட்டா எப்படிப் பற்றுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பெரிய தோட்டாக்களுக்கு அடிப்பக்கத்தின் நடுவில் பொட்டு வைத்தாற்போலத் தனியாக ஒரு பற்றுமருந்துக் கேப்பு இருக்கும். .22-க்கு அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குழிவாக மடிந்திருக்கிறது. பற்றுமருந்தை ஈரமாக உள்ளே வைத்துக் கூட்டைச் சுழற்றுவார்கள். ஆட்டுக்கல் சுற்றச் சுற்ற மாவு ஓரத்துக்கு ஒதுங்குகிற மாதிரி, மருந்து அந்த மடிப்புக்குள் ஒதுங்கி வளையமாக உலர்ந்துவிடும். 1857-இல் வந்த .22 ஷார்ட் என்கிற குட்டைத் தோட்டாவிலும், 1887-இல் வந்த, நாம் இன்று சுடுகிற லாங் ரைஃபிள் தோட்டாவிலும் ஏற்பாடு ஒன்றுதான். பின் (தோட்டாவை அடிக்கிற சின்ன எஃகு முள்) வந்து விளிம்பை அடிக்கிறது. விளிம்புக்கு அந்தப் பக்கம், தோட்டா உட்காருகிற சிலிண்டர் அறையின் வாய் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விளிம்பு நசுங்கினால்தான் மருந்து பற்றும். விளிம்பின் தடிமனே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான்.

ஆக மூன்று வேண்டும். அடியில் வேகம் வேண்டும். விளிம்புக்குப் பின்னால் அசையாத தாங்கல் வேண்டும். கொல்லன் பட்டறையில் அடைகல் ஆடினால் எத்தனை பெரிய சம்மட்டியாலும் அடி இறங்காதே. அடி விழுந்த இடத்தில் மருந்தும் இருக்க வேண்டும். மூன்றில் எது குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் ஸ்பிரிங்கில் கை வைப்பது, காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் ஊசி போடுவது போலத்தான்.

(டிரிகரை இழுத்ததும் விழுந்து அடிக்கிற ஹேமரை நம் பக்கத்தில் குதிரை என்றே சொல்லிப் பழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

வெடிக்காத அந்த நொடியில்

கோளாறைப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். "ரெண்டாந்தரம் அடிச்சேன்" என்கிறீர்களே, எவ்வளவு நேரம் கழித்து? எப்படி? ரிவால்வரில் டிரிகரை உடனே மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுற்றி அடுத்த அறை குழலுக்கு நேராக வந்துவிடும். வெடிக்காத தோட்டா பக்கத்துக்கு நகர்ந்துவிடும். மருந்து மெல்லப் பற்றிக்கொண்டிருந்து, அங்கே போன பிறகு அது வெடித்தால், குண்டுக்கு முன்னால் குழல் இருக்காது. ஈயமும் பித்தளைச் சிதறலும் பக்கவாட்டில் தெறிக்கும். உங்கள் இடது கை, பக்கத்தில் நிற்பவர் முகம், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஆகவே "டிக்" என்று மட்டும் கேட்டால் அப்படியே நில்லுங்கள். குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும். விரலை டிரிகரில் இருந்து எடுத்துவிட்டு முழுசாக 30 விநாடி எண்ணுங்கள். பிறகு முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திறந்து அந்தத் தோட்டாவை வெளியே எடுங்கள். மறுபடி அடித்துப் பார்ப்பது என்றால் அதற்குப் பிறகுதான், அதுவும் கிளப்பின் சுடுதளத்தில்தான். தோட்டத்திலோ குளத்தங்கரையிலோ சோதித்துப் பார்க்கிற வேலை வேண்டாம். லைசென்ஸ் அதற்காகக் கொடுத்தது இல்லை.

"டிக்" இல்லாமல் "புஸ்" என்று மெலிந்த சத்தம் கேட்டால் கதையே வேறு. பற்றுமருந்து மட்டும் எரிந்து, குண்டு குழலின் நடுவிலேயே நின்றிருக்கலாம். சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள். எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுத்த பிறகு, துடைக்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். கம்பி தடையில்லாமல் போய் வெளியே வந்தால் மட்டுமே மேற்கொண்டு சுடலாம். அடைபட்ட குழலில் அடுத்த குண்டு போனால் குழல் வீங்கிவிடும். வீங்கிய குழலுக்கு வைத்தியம் இல்லை.

தோட்டாவின் அடியைப் படிப்பது

அடுத்த தடவை கிளப்புக்குப் போகும்போது ஒரு மார்க்கர் பேனாவும் சின்ன நோட்டும் கொண்டு போங்கள். சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு அறைக்கும் நேராக 1 முதல் 6 வரை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு துடைத்தால் போய்விடும். வெடிக்காத ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம் குறிக்க வேண்டும்: எந்த அறை, குதிரையைக் கையால் மடக்கிச் சுட்டதா டிரிகரை நேராக இழுத்துச் சுட்டதா, எத்தனையாவது சுற்று, பின் பதிந்த தடம் எப்படி இருக்கிறது.

ஏழில் ஐந்து நேராக இழுத்ததில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஐம்பதில் எத்தனை அப்படிச் சுட்டீர்கள் என்று எழுதவில்லை. நாற்பதை அப்படிச் சுட்டிருந்தால் ஐந்து என்பது எட்டுக்கு ஒன்று. மடக்கிச் சுட்ட பத்தில் இரண்டு என்றால் ஐந்துக்கு ஒன்று. அப்போது கணக்கே தலைகீழாகப் போய்விடும். அதனால் 48 தோட்டாவை எட்டுச் சுற்றாகப் பிரியுங்கள். ஒரு சுற்று மடக்கி, ஒரு சுற்று நேராக என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு முறையிலும் நாலு நாலு வந்துவிடும். முதல் நாலு சுற்றையும் மடக்கியே சுட்டுவிட்டு அப்புறம் மாற்றக் கூடாது. போகப் போக அறையில் கரி சேரும், எது எதனால் என்று பிரிக்க முடியாது.

இப்போது தடம். வெடித்த கூடு ஒன்றையும் வெடிக்காத தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெடித்ததில் விளிம்பின் ஓரத்தில் பின் பதிந்த குழி தெளிவாக, ஆழமாக இருக்கும். வெடிக்காததிலும் அதே ஆழம் இருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. குறை தோட்டாவில். அந்த இடத்தில் மருந்து வளையம் விட்டுப்போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, தோட்டாவை அரை வட்டம் திருப்பி, பழைய தடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் அடி விழும்படி வைத்துச் சுட வேண்டும். வெடித்தால் மருந்து ஒரு பக்கம் மட்டும் இல்லை என்று பொருள். அங்கேயும் ஆழமாகப் பதிந்து வெடிக்கவில்லை என்றால் மருந்தே செத்துப்போயிற்று. உங்கள் ஏழாவது தோட்டா பெரும்பாலும் இந்த ரகம். ஐம்பதில் ஒன்று இப்படிப் போனதற்காகத் துப்பாக்கியைக் கழற்ற வேண்டியதில்லை. கேப்பு தனியாக உள்ள தோட்டாவை விட .22-இல் இது கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

தடம் ஆழமில்லாமல், நகத்தால் அழுத்தினாற்போல லேசாக இருந்தால் அடி போதவில்லை. அல்லது அடிக்கும்போது தோட்டா முன்னால் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டது. இந்த இரண்டையும் பிரிக்க ஒரு வழி: முதல் அடியில் வெடிக்காமல், அதே அறையில் அதே இடத்தில் இரண்டாவது அடி விழுந்து வெடித்தால், முதல் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். அது ஒன்றிரண்டு குறிப்பிட்ட அறைகளில் மட்டும் நடந்தால் சந்தேகம் உறுதி. ஆறு அறையிலும் பரவலாக நடந்தால் ஸ்பிரிங்கையோ, குதிரை எங்கோ உரசுவதையோ பார்க்க வேண்டும். தடம் விளிம்பை விட்டு உள்ளே தள்ளியோ, பாதி வெளியேயோ விழுந்திருந்தால் சிலிண்டர் சரியான இடத்தில் நிற்கவில்லை. அது துப்பாக்கி பழுது பார்க்கிறவர் வேலை, இங்கே விட்டுவிடலாம்.

உங்கள் துப்பாக்கிக்கு வருவோம்

என் சந்தேகம் வரிசையாக இது: புதுக் கைப்பிடி, தேங்காயெண்ணெய், அறைக்குள் படிந்த கசடு. ஸ்பிரிங் நாலாவது இடத்தில்தான் வருகிறது. வேலை தொடங்கும் முன் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்கிற வீட்டு அறையிலேயே தோட்டாப் பெட்டி இருக்கக் கூடாது.

கைப்பிடியைக் கழற்றுங்கள். பழைய ரிவால்வர்கள் பலவற்றில் மெயின் ஸ்பிரிங் என்பது கைப்பிடிக்குள் வில்லாக வளைந்து நிற்கிற ஒரு எஃகுப் பட்டை. குதிரையை மடக்கும்போது அது பக்கச்சுவரைத் தொடாமல் வளைய இடம் வேண்டும். கம்பெனி கைப்பிடியின் உள்பக்கத்தில் அதற்காகவே குடைந்திருப்பார்கள். ஆசாரி வெளிப்பக்கத்தை அழகாகச் செதுக்கியிருப்பார். உள்ளே ஒரு பட்டை வளையும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தோதகத்தி உறுதியான மரம்தான், ஆனாலும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் எந்த மரமும் கொஞ்சம் உப்பும். ஒரு தாள் தடிமன் இடித்தால் போதும், அடி மட்டுப்பட்டுவிடும்.

உரசுகிறதா என்று பார்ப்பது எளிது. வீட்டில் இருக்கிற கண்மையை ஸ்பிரிங் பட்டையின் இரண்டு ஓரத்திலும் குதிரையின் அடிப்பக்கத்திலும் லேசாகத் தடவுங்கள். கைப்பிடியை மாட்டி, திருகாணியை வழக்கம் போல முடுக்குங்கள். குதிரையை மடக்கி, கட்டைவிரலால் பிடித்தபடியே மெல்ல இறக்குங்கள், ஐந்தாறு தடவை. மறுபடி கழற்றிப் பார்த்தால் மரத்தில் எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு மறுபடி மை வைத்துப் பாருங்கள். மை ஒட்டாமல் போகிற வரைக்கும் இதையே செய்யுங்கள். கைப்பிடித் திருகாணி அளவுக்கு மேல் நீளமாக இருந்து ஸ்பிரிங்கைத் தொடுவதும் உண்டு, அதையும் பாருங்கள். பழைய கைப்பிடி இன்னும் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். அடுத்த 48-ஐ அதை மாட்டிச் சுடுங்கள். கீறியிருந்தால் என்ன, கொஞ்ச நேரத்துக்குத்தானே.

கைப்பிடி கழற்றியிருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பட்டை ஸ்பிரிங் உள்ள துப்பாக்கிகள் சிலவற்றில், பிடியின் முன்பக்கச் சட்டத்தில் அடியோரமாக ஒரு சின்னத் திருகாணி ஸ்பிரிங்கை முட்டி நிற்கும். அது முழுசாக முடுக்கியிருக்க வேண்டும். சுடச் சுட அதிர்ச்சியில் அது அரைச் சுற்று தளர்வதும் உண்டு; டிரிகர் லேசாக இருக்கட்டும் என்று முன்பு யாராவது வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருப்பதும் உண்டு. அளவான திருப்புளியால் முடுக்கி நிறுத்துங்கள். சுருள் ஸ்பிரிங் உள்ளவற்றில் இந்தத் திருகாணி இருக்காது. மற்ற திருகாணி எதையும் தொட வேண்டாம்.

டிரிகரை நேராக இழுக்கும்போது ஏன் அதிகம் தவறுகிறது என்பதும் இங்கேதான் புரியும். கையால் மடக்கினால் குதிரை கடைசி வரைக்கும் பின்னால் போய் நிற்கும். நேராக இழுத்தால் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நழுவி விழும். விழுகிற தூரம் குறைவு, அடியும் குறைவு. எங்கேயாவது உரசலோ பிசுக்கோ இருந்தால் முதலில் நேர் இழுப்பில்தான் தெரியும். .22 ரிவால்வருக்கு டிரிகர் கனமாக இருப்பதே அந்த விளிம்பை நசுக்கத்தான். அதை லேசாக்கிக்கொள்கிறவர்கள் எல்லாம் இந்த "டிக்" சத்தத்தில்தான் வந்து நிற்பார்கள்.

அடுத்து எண்ணெய். நாட்டுத் துப்பாக்கிக் காலத்தில் இருந்து தேங்காயெண்ணெய் போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேலே தடவினால் துரு பிடிக்காது, அது உண்மைதான். ஆனால் அது சமையல் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். உங்கள் மலையடிவாரத்தில் மார்கழிக் காலையில் பாட்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மாதக்கணக்கில் காற்றுப் பட்டால் பிசுபிசுத்து, தூசியையும் கரியையும் சேர்த்துக்கொண்டு பசையாகிவிடும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், வார்னிஷ் மாதிரி காய்ந்துவிடும். ஸ்டேஷன் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த துப்பாக்கிக்குள், குதிரையின் அச்சிலும் பின் ஓடுகிற துளையிலும் அந்தப் பசை இறங்கியிருக்கும். பின் துளைக்குள் வழுக்கி ஓட வேண்டிய இடத்தில் இழுத்துக்கொண்டு ஓடும்.

கைப்பிடி இல்லாமல், குதிரையை மடக்கி வைத்த நிலையில் அதன் முன்பக்க இடுக்கிலும் பின் துளையிலும் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி விடுங்கள். வெளியே வருகிற மண்ணெண்ணெய் பழுப்பாக வருகிற வரைக்கும் வேலை முடியவில்லை. அடுப்பங்கரையில் வைத்து இதைச் செய்யாதீர்கள். பழைய வேட்டித் துணியால் நன்றாகத் துடைத்து ஒரு இரவு காயவிடுங்கள். பிறகு குதிரையின் அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பின் துளைக்கு அந்த ஒரு சொட்டும் வேண்டாம், வறண்டே இருக்கட்டும்.

பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்க்க ஆசை வரும். வேண்டாம் என்பேன். தகட்டை நெம்பினால் ஓரம் வளையும். திருப்பி மாட்டும்போது உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் எங்கேயாவது துள்ளிப் போகும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழுது பார்க்க உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். பேட்டைப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கைநுணுக்கம் உள்ளவராக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோகக் கூடாது, உங்களோடு அவரும் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, அறை. .22 தோட்டாவின் ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். சுடச் சுட மெழுகும் ஈயமும் கரியும் அறையின் உள்ளே, கூட்டின் வாய் முடிகிற இடத்தில் வளையமாகப் படியும். புதுத் தோட்டா அந்த வளையத்தில் முட்டி, கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். விரலால் அழுத்தினால் போகிறதே என்று அழுத்திவிட்டுச் சுடுவோம், அதுதான் முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவதில் வெடிக்கிற தோட்டா. .22 ஷார்ட்டை இதே சிலிண்டரில் எப்போதாவது சுட்டிருந்தால் அதன் கூடு குட்டை என்பதால் வளையம் இன்னும் பின்னால், அறையின் வாய்ப்பக்கமாகத் தள்ளித் தடியாக இருக்கும்.

.22 அளவு வெண்கலப் பிரஷைத் துப்பாக்கி துடைக்கிற கரைசலில் நனைத்து ஒவ்வொரு அறைக்கும் பத்துப் பதினைந்து தடவை, பின்பக்கத்தில் இருந்து முன்பக்கமாகத் தள்ளி எடுங்கள். கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஒரு தடவை. துணி சுற்றிய கம்பியால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கறுப்பு வளையம் தெரியாமல் போகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். முடிந்ததும் அறை வறண்டு இருக்க வேண்டும். அறைக்குள் எண்ணெய் நின்றால் தோட்டாவுக்குள் கசிந்து மருந்தையே கெடுக்கும்.

அறையைத் தேய்ப்பவர்கள் பலரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. கூட்டை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகட்டின் அடிப்பக்கம். சிலிண்டரின் முன்னால் இருக்கிற கம்பியை அழுத்தித் தகட்டைத் தூக்கிப் பிடித்து, அதன் கீழே பிரஷால் சுத்தமாகத் துடையுங்கள். எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று, கடுகில் பாதி இருக்குமா, அதற்கடியில் சிக்கினால் தகடு சரியாக உட்காராது. தோட்டாவின் விளிம்பு தூக்கி நின்று சிலிண்டர் பின்பக்கச் சுவரில் உரசும். சிலிண்டர் சுற்றுவது கனமாகிக்கொண்டே போனால் அதுதான் காரணம். சுட்ட கூட்டை வெளியே தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும். துணுக்கு கூட்டோடு கீழே விழுந்துவிடும். குழலைத் தாழ்த்திப் பிடித்துத் தள்ளினால் எல்லாம் தகட்டுக்குக் கீழேதான் போய்ச் சேரும்.

இந்தக் கரியில் ஈயம் இருக்கிறது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற மேஜையில் துணியை விரித்து உட்காராதீர்கள்.

பின்னும் வெற்றுச் சுடுதலும்

பின்னை மாற்றணுமா என்று கேட்டீர்கள். முனை உடைந்தோ, ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்தோ இருந்தால்தான் மாற்ற வேண்டும். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுகிற வழக்கம் உங்களுக்கு உண்டா? பெரிய ரிவால்வரில் அது பல நேரம் சும்மா போகும். .22-இல் போகாது. விளிம்பு இல்லாத இடத்தில் பின் நேராக அறையின் வாயில் இடிக்கும். பின்னின் முனையும் மழுங்கும், அறையின் வாயும் நசுங்கி உள்ளே ஒரு மேடு எழும்பும். அறை வாயின் ஓரத்தைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். பின் விழுகிற இடத்தில் நகம் இடறினால் மேடு இருக்கிறது. அந்த அறையில் தோட்டா இறுக்கமாகப் போகும், விளிம்பும் சரியாக உட்காராது. அதை அரத்தால் ராவக் கூடாது. மேட்டை மறுபடி உள்ளே அழுத்திவிடுகிற கருவி உண்டு, பழுது பார்க்கிறவர் ஐந்து நிமிஷத்தில் முடிப்பார். பழகத்தான் வேண்டும் என்றால் .22-க்கென்றே விற்கிற ஸ்னாப் கேப் என்கிற போலித் தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள்.

சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்றும் பாருங்கள். டூவீலர் மெக்கானிக் டேப்பட் பார்க்கிற ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) போதும். காலி சிலிண்டரை மூடி, பின்னால் தள்ளிப் பிடித்துக் குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். முன்னால் இழுத்துப் பிடித்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். அது 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. 0.1-ஐத் தாண்டினால், அடி விழும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து பின்னின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். வாஷர் வைத்துச் சரி செய்கிற வேலைதான், ஆனால் அதுவும் உரிமம் பெற்றவர் கையால்.

இவ்வளவுக்குப் பிறகும் 48-இல் நேர் இழுப்பில் மட்டும் லேசான தடத்தோடு நாலைந்து தவறினால், அப்போது ஸ்பிரிங். இழுத்து விட்ட சுருள் ஸ்பிரிங் சில நாள் நிமிர்ந்து நின்றுவிட்டு மறுபடி படுத்துவிடும். பட்டை ஸ்பிரிங்கை வளைத்தால் ஒரு நாள் நடுவில் முறியும். அந்த மாடலுக்கு உரிய புது ஸ்பிரிங்கை, கம்பெனி பலத்திலேயே போடச் சொல்லுங்கள். அதைவிடக் கடினமானது வேண்டாம்.

தோட்டாவைப் பற்றி

நீங்கள் பெட்டி எப்போது வாங்கியது என்று எழுதவில்லை. பெட்டியின் மேல் ஒரு லாட் எண் (தயாரித்த தொகுதியின் எண்) இருக்கும், அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனையில் பாதியை வேறு லாட்டில், முடிந்தால் வேறு தயாரிப்பில் சுடுங்கள். தவறுவதெல்லாம் ஒரே லாட்டில் விழுந்தால் துப்பாக்கியை விட்டுவிடலாம்.

வைக்கிற இடம் முக்கியம். தகரக் கொட்டகையும் கார் டேஷ்போர்டும் ஆகாது. குளிர்ந்த அறையில், காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்துப் பூட்டுங்கள். உவரி, திசையன்விளை மாதிரி கடல் காற்று வருகிற ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். பித்தளையில் பச்சை பூத்த தோட்டாவைச் சுட வேண்டாம். குண்டின் மேல் உள்ள மெழுகைத் துடைக்காதீர்கள், தோட்டாவுக்கு எண்ணெயும் போடாதீர்கள்.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது துப்பாக்கியைத் தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே மிஷின் எண்ணெய் மெல்லிய பூச்சு, உள்ளே வறட்சி, சுற்றிலும் பருத்தித் துணி. ரசீதில் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரும்பி வாங்கியதும் நேரே கிளப்புக்குப் போகாமல், முதலில் வீட்டில் துடைத்துவிட்டு எடுத்துப் போங்கள்.

அந்த ஏழாவது தோட்டா கையில் இருந்தால் அதன் அடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எத்தனை தடம், எவ்வளவு ஆழம், விளிம்பின் எந்தப் பக்கம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் வரைந்து வையுங்கள். பிறகு அதைக் குறடால் பிரிக்கவோ அடுப்பில் போடவோ மண்ணில் புதைக்கவோ வேண்டாம். வெடிக்கவில்லை என்றாலும் அது இன்னும் தோட்டாதான், உங்கள் லைசென்ஸ் கணக்கில்தான் இருக்கிறது. மற்றத் தோட்டாவோடு கலக்காமல் தனி டப்பாவில் போட்டு, அடுத்த தடவை போகும்போது கிளப்பில் சுடுதளப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.